என் பெயரில் நீ செய்த சனிக்கிழமைகள்

கம்பளி எடுக்கலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மழை நின்று இரண்டு நாளாகியும் புதூர்நாட்டு மலைப் பக்கம் குளிர் விடவில்லை. கம்பளிக்கு மேலே கிடந்த பழைய நூல் புடவையை உதறியபோது மடிப்பிலிருந்து ஏதோ உதிர்ந்தது. கசகசாவைவிடப் பொடியான வெள்ளை மணிகள். பத்துப் பதினைந்து இருக்கும். விரலால் தொட்டேன், ஒட்டிக்கொண்டன. ஊதினேன், ஒரு விரலை விட்டு அடுத்த விரலுக்குத் தாவின.

நம்முடைய ரெசின்தான், லேபில் நாம் செய்த பிளாஸ்டிக் மணி. உலர்ந்துவிட்டால் அது எதன்மேலும் ஒட்டும். ஹாஸ்டல் சோற்றில் கிடைத்திருக்கிறது, தலையணையில் கிடைத்திருக்கிறது, உன் துப்பட்டா ஓரத்தில் எப்போதும் இருக்கும். “என் கல்யாண பிரியாணியில இது கடிபடும் பாருடி. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கல்லுன்னு நெனச்சி சண்டைக்கு வருவாங்க” என்பாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதத் தெம்பு இல்லை. இப்போது வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்த வாரம் கல்லூரியில் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். அதனால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் நாம் இருவரும் ஒரே நாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நீ வாணியம்பாடி, உன் அப்பாவுக்குத் தோல் மண்டியில் வேலை. நான் இந்த மலை. நம் இரண்டு வீட்டிலும் அதற்கு முன் கல்லூரிக்குள் போனவர்கள் யாரும் இல்லை. உனக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. எனக்கோ அது ஒன்றுதான் எந்நேரமும் தெரிந்துகொண்டிருந்தது. பேராசிரியர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் தரையைப் பார்ப்பேன். நீ என் நோட்டை எட்டிப் பார்த்து, “சார், அவளுக்குத் தெரியும். வெக்கப்படறா. நான் படிச்சிக் காட்டட்டுமா?” என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் காது சுடும். அன்று மாலை உன்னோடு பேச மாட்டேன். மறுநாள் காலை நீயே வந்து, “இன்னாடி மலைக்காரி, மலை எறங்கியாச்சா?” என்று கேட்டு அதை முடித்துவைப்பாய்.

நாம் செய்த வேலையை இங்கே யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. நீ ஒரே ஒருமுறை மலைக்கு வந்தாய், பலாக் காலத்தில். வந்த அன்றே என் அம்மாவுக்கு விளக்கிவிட்டாய்.

அப்போது நமக்கு வேறொரு தொல்லை இருந்தது. லேபில் நாம் செய்த பாலிஸ்டைரின் மணிகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தன. ஒரே அளவாக இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சலிக்க இருந்த ஒரே சல்லடையும் கிழிந்துவிட்டது. நீ ஒரு பாட்டில் மணியை விளையாட்டாகப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாய். அம்மா அடுப்பங்கரையில் சாமை அரிசியில் கல் அரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரோடு பாத்திரத்தை ஒரு சுழற்றுச் சுழற்றி, மேலே மிதந்து வரும் அரிசியை அடுத்த பாத்திரத்தில் சாய்ப்பாள். கல் அடியில் நிற்கும். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு பாட்டிலை எடுத்து நீட்டினாய்.

“அம்மா, இத அரிச்சிக் குடுங்களேன்.”

“இது இன்னாது, கசகசாவா? துன்றதா?”

“துன்றதா இருந்தா இந்நேரம் தீந்திருக்கும்மா.”

முதலில் மணிகள் தண்ணீரில் முங்காமல் மேலேயே நின்றன. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டதும் இறங்கின. அம்மா நாலு சுழற்றில் பெரிதைத் தனியாக, நடுத்தரத்தைத் தனியாக, தூளைத் தனியாகப் பிரித்துவிட்டாள். நீ வாயைப் பிளந்தாய்.

“எதுக்கு இது?” என்று அம்மா கேட்டாள். நீ சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

“இந்த மணி ஒவ்வொண்ணுலயும் கொக்கி மாட்றோம்மா. கொக்கியில ஒரு பொருளத் தொங்க வுடுவோம். அதுல இன்னொண்ணு, அதுல இன்னொண்ணு, மாலை கோக்கற மாதிரி. ஒவ்வொரு வாட்டியும் நல்லாக் கழுவுவோம். மாட்டிக்கினது நிக்கும், மாட்டாதது ஓடிப்பூடும். கடைசியில மணியில இருந்து மாலைய அறுத்து எடுத்துக்குவோம்.”

“மாலை யாருக்கு?”

“அது எங்க சாருக்கே இன்னும் தெரியாதும்மா.”

அம்மா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அப்பா போனபின் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். திரும்பிப் போனதும் நீ லேப் நோட்டில் அந்த முறையை எழுதி வைத்தாய். பேராசிரியர் எந்தப் பத்திரிகையில் படித்தது என்று கேட்டார். “வூட்டுப் பழக்கம் சார்” என்றாய்.

கொக்கி என்று நீ சொன்னாயே, அதை மாட்டும் வேலைதான் நம் சனிக்கிழமை வேலை. அதற்கு ஓர் ஈதர் திரவம் வேண்டும். வாங்கக் கிடைக்காததால் ஃபார்மலினையும் மெத்தனாலையும் கலந்து, அமில வாயுவை உள்ளே விட்டு, நாமே அதைத் தயாரித்தோம். பிறகு அதில் மணிகளை ஊறவைத்துச் சூடாக்குவோம். மணிகள் செங்கல் நிறமாகும், கழுவக் கழுவ வெளுக்கும். புகை வெளியேற ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதன் விசிறி ஓடாது. ஓட வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த காகிதம் அதன் கதவிலேயே ஒட்டியிருந்தது. கண் எரியும், தொண்டை கரகரக்கும். மற்றவர்கள் இல்லாத நாளில் ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யலாம் என்று பேராசிரியர் சனிக்கிழமையை ஒதுக்கினார். ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான் என்று பட்டியலும் போட்டார்.

என் முறை வந்த முதல் சனிக்கிழமை நான் செய்தேன். வேலை முடிய மாலையாகிவிட்டது. மலைக்குப் போகும் ஒரே ஜீப் பகல் ஒரு மணிக்கே போய்விட்டிருந்தது. இங்கே அம்மா பாதை முனையில் நின்று பார்த்திருக்கிறாள். ஜீப்பில் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பி, காட்டுப் பாதையில் நடந்தே இறங்கி, ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நீதான் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து அவள் காலை அதில் வைத்தாய்.

அடுத்த முறை என் சனிக்கிழமை வந்தபோது, பன்னிரண்டு மணிக்கே என் பையை எடுத்துக் கையில் கொடுத்தாய்.

“ஜீப்பு பூடும். கெளம்பு.”

“இன்னிக்கு என் முறை.”

“உன் முறைய நான் பாத்துக்கறேன். உங்கம்மா இன்னொரு வாட்டி நடந்து வந்தா வெந்நீர் வெக்க என்னால ஆவாது.”

“சார் கேட்டா?”

“நோட்டுல உன் இனிஷியல் இருக்கும். சார் அதத்தான பாப்பாரு?”

என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போட்டாய். திங்கட்கிழமை நோட்டைத் திறந்தால் என் சாய்ந்த எழுத்து, என் இனிஷியல், கீழே பேராசிரியரின் பச்சை மைக் கையொப்பம். முதல் தடவை பயந்தேன். இரண்டாம் தடவை குறைவாகப் பயந்தேன். மூன்றாம் தடவையிலிருந்து பன்னிரண்டு மணிக்கு நானே பையை எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனால் நடந்தது அதுதான். இரண்டு வருஷம் எல்லாச் சனிக்கிழமைகளிலும் நீ அங்கே ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றாய். நான் ஜீப்பில் ஓரமாக உட்கார்ந்து குளிர்ந்த காற்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் பங்குக்கு நான் மற்ற நாட்களில் கழுவினேன், சோதித்தேன். நாலைந்து மணியை எடுத்து நின்ஹைட்ரின் என்ற சோதனை மருந்தை விட்டுச் சூடாக்குவேன். மணி நீலமானால் இன்னும் மாட்டாமல் மிச்சம் இருக்கிறது, திரும்பச் செய்ய வேண்டும். நிறம் மாறாமல் நின்றால் எல்லாம் மாட்டிக்கொண்டது. அந்த முடிவு எதுவும் தப்பில்லை. நான் சொல்ல வருவது, அந்த மணிகளை நான் செய்யவில்லை என்பதைத்தான். என் ஆராய்ச்சி முழுக்க அவற்றின் மேல்தான் நிற்கிறது.

மூன்றாம் வருஷம் உன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டு வாணியம்பாடியிலேயே பள்ளிக்கூட டீச்சராகப் போனாய். நான் முடித்தேன். டாக்டர் பட்டம் வாங்கினேன், அதே துறையில் வேலையும் கிடைத்தது. கேள்விப்பட்ட அன்று நீ எழுதிய கார்டில், “டாக்டரம்மா, தலவலிக்கு மாத்திரை கிடைக்குமா?” என்று மட்டும் இருந்தது.

உன் இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. முதலில் காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு வேலூரில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு சொன்னார்கள். அன்று உன்னோடு நான் இருந்தேன். இளம் டாக்டர் ஒருவர் எழுதிக்கொண்டே கேட்டார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா? இல்லை. என்ன வேலை? நீ “டீச்சர்” என்றாய். அதற்கு முன்னால்? “படிச்சிக்கினு இருந்தேன் சார்.” அவர் அடுத்த கேள்விக்குப் போனார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபின்தான் எனக்கு வாய் வந்தது.

“லேப்ல வேலை செஞ்சத சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா இன்னா, வேற நெஞ்சு குடுப்பாங்களா?”

“இருந்தாலும்…”

“அப்புறம் நோட்டக் கொண்டா, யார் யார் செஞ்சீங்கன்னு ஆரம்பிப்பாங்க. பாதி உன் பேர்ல கீது. உன் பட்டத்துக்கு எதுக்குடி வம்பு?” மூச்சு வாங்க நிறுத்தினாய். பிறகு, “அந்த சனிக்கிழமைங்கள எண்ணிக்கினு உக்காராத. எனக்கு உங்கம்மா காலு மட்டுந்தான் நெனப்புல கீது” என்றாய்.

நான் எண்ணினேன். அறையில் எண்ணினேன், பஸ்ஸில் எண்ணினேன், உன் அடக்கம் முடிந்து உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நோய் அதனால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. என்னாலும் சொல்ல முடியாது. ஆனால் நீ போன சில மாதத்தில் ரசாயனக் கம்பெனியின் புதிய விலைப்பட்டியல் லேபுக்கு வந்தது. அந்த ஈதரின் பெயருக்கு எதிரே கட்டம் போட்டு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும், மூச்சில் போகக்கூடாது என்று அச்சடித்திருந்தார்கள். நின்றபடியே பலமுறை படித்தேன். பட்டியலை மூடி அலமாரியில் வைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டிய தேவை வரவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அப்போது துறையில் யாரும் ரெசின் செய்யவில்லை.

போன மாதம் தேவை வந்துவிட்டது. போளூரிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி, கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்கிறாள். அவளுக்கு அதே ரெசின் வேண்டும். துறைத் தலைவர் இப்போது நம் பேராசிரியர்தான். பழைய நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, “இதுல எல்லாம் இருக்கும்மா. மேடம்கிட்ட கேட்டு அப்படியே செய்” என்றிருக்கிறார். இந்த வாரத் தொடக்கத்தில் அவள் அதன் மூன்றாம் பக்கத்தைத் திறந்துகொண்டு என் மேசைக்கு வந்தாள். “மேடம், அந்த அலமாரி விசிறி இன்னும் ஓடலையே, நீங்க எப்படி செஞ்சீங்க?” என்று கேட்டாள்.

நாளை சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை என்பது உனக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன்.

“வருத்தமான விஷயந்தாம்மா. ஆனா இதனாலதான்னு எப்படி சொல்றது?” என்றார். பிறகு அந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். “ரெண்டு பேரும் பாதிப் பாதி செஞ்சிருக்கீங்க. இதோ, நீங்க. அடுத்தது அந்தப் பொண்ணு. திரும்ப நீங்க. அதே ரூம், அதே ஈதர். நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நோட்டில் இருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஈதரால் ஆபத்தில்லை என்பதற்கு நானே சாட்சி. என் அம்மா நடக்கக் கூடாது என்று நீ போட்ட கையெழுத்து, போளூர்ப் பெண்ணை அந்த அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தப் போகிறது. அதைத் தடுக்க வேண்டுமென்றால், நான் அங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், என் பட்டத்துக்கு அடியில் இருக்கும் நோட்டு பொய் என்று ஆகும்.

“நான் செய்யல சார்” என்றேன்.

“இன்னாம்மா?”

“ஒரே ஒரு வாட்டிதான் செஞ்சேன். மத்ததெல்லாம் அவதான் செஞ்சா. நான் ஊருக்குப் பூட்டேன்.”

அவர் நம்பவில்லை. செத்துப்போன தோழிக்காக நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறேன் என்றுதான் நினைத்தார். “இது உங்க எழுத்தும்மா. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றார். நான் நோட்டை வாங்கி என் பெயரில் இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் பார்த்தேன். வலது மூலையில், பென்சிலால், எறும்பு அளவுக்கு, 786.

பரீட்சைத் தாளோ கார்டோ ஹாஸ்டல் சலவைச் சீட்டோ, எதில் எழுதத் தொடங்கினாலும் முதலில் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக அந்த எண்ணைப் போட்டுவிட்டுத்தான் நீ பேனாவைத் திறப்பாய். உங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். என் எழுத்தின் சாய்வு முதல் இனிஷியலின் சுழி வரை எதையும் விடாமல் கற்றுக்கொண்டாய். அந்தக் கையை மட்டும் உன்னால் நிறுத்த முடியவில்லை. இத்தனை வருஷம் நானும் பார்க்கவில்லை, பச்சை மை போட்டவரும் பார்க்கவில்லை. நான் செய்த அந்த ஒரு சனிக்கிழமையின் பக்கத்தில் மட்டும் மூலை வெறுமையாக இருந்தது.

நான் சுட்டிக்காட்டினேன். அவர் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “இத எழுதிக் குடுத்தீங்கன்னா மேல கேள்வி வரும்மா. பட்டத்தப் பத்தியும் கேப்பாங்க. என் கையில நிக்காது” என்றார்.

“தெரியும் சார்.”

லேப் நோட்டில் தப்பைக் கிழிக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. படிக்கிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் நாள் அவர் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக என் இனிஷியலை அடித்தேன். உன் பெயரை முழுதாக எழுதினேன். நாலைந்து பக்கம் ஆனபின் கை வலித்தது. நிறுத்தவில்லை.

ஈதர் வேலை நிறுத்தப்பட்டுவிட்டது. ரெசினை வெளியிலிருந்து தயாராகவே வரவழைக்கப் போகிறார்கள். வந்துசேர ஒரு வருஷம் ஆனாலும் ஆகும். போளூர்ப் பெண் வராந்தாவில் என்னை நிறுத்தினாள். “அதுவரைக்கும் என்னை எங்க வூட்ல வெச்சிருக்க மாட்டாங்க மேடம். கல்யாணம் பண்ணி அனுப்பிடுவாங்க. நான் ஜாக்கிரதையா செஞ்சிருப்பேன்” என்றாள். அவள் கண்ணில் என்மேல் நன்றி ஒன்றும் இல்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். போய்விட்டாள்.

மேலிடத்திலிருந்து எனக்கு என்ன கடிதம் வரும் என்று தெரியாது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மலைக்கு வந்துவிட்டேன். சரியாகச் செய்துவிட்டேன் என்ற நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். அசதிதான் இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் அப்படியேதான் இருக்கிறது. உன் உதவியை ஊரறிய அடித்துத் திருத்திவிட்டு வந்த மாதிரியும் இருக்கிறது. கோபம் என்றால் கோபித்துக்கொள்.

நேற்று ஜீப் பாதை முனையில் இறக்கிவிட்டது. அம்மா வந்து நின்றிருந்தாள். மழையில் பாதை அரித்துப்போயிருந்ததால் மேட்டுவழியாக ஏற வேண்டியிருந்தது. அவள் தலையில் இருந்த விறகுச் சுமையையும் நான் வாங்கிக்கொண்டேன். யோசனையில் நடந்ததில் அவளை விட்டு வெகுதூரம் மேலே போய்விட்டேன். திரும்பி நின்று காத்திருந்தேன். அவள் ஒவ்வொரு மரமாகப் பிடித்து நின்று, மேலே வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இம்மாஞ் சொமைய தூக்கிக்கினு ஏறியும் மூச்சுகூட வாங்கலியே உனக்கு. நல்ல நெஞ்சுடி” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன். அவளுக்கு மூச்சு அடங்கும்வரை சுமையை இறக்காமல் பக்கத்தில் நின்றேன்.